கொலையைச் சொன்ன நிலப்பத்திரம்

உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில் கை வைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சித்திரை மாதத்துப் பகல். பிராகாரக் கல் பழுக்கக் காய்ந்து கிடந்தது. சிதம்பரத்திலிருந்து பைக்கில் என்னை ஏற்றிக்கொண்டு வந்த தம்பி பின்னாலிருந்து, “ஏன்க்கா, கால் சுட்டுடுச்சா?” என்று பதறினான். கால் சுட்டதே எனக்குத் தெரியவில்லை. முப்பது வருஷமாகக் கதைப் புத்தகத்தில் மட்டும் பார்த்துப் பயந்த ஆட்கள் அந்தக் கல்லில் இருந்தார்கள். சோமன். ரவிதாசன். பரமேசுவரன்.

பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்கு ரவிதாசன் என்ற பெயரைக் கேட்டாலே எங்கோ ஒரு ஆந்தை அலறும். அவன் கல்கி செய்த ஆள் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் எல்லாரையும் போல அவனும் கற்பனைதான் என்று. ஆனால் ரவிதாசன் உண்மையாகவே இருந்தவன். அவனும் அவன் கூட்டாளிகளும் சேர்ந்து பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள் என்று ராஜராஜ சோழனே பெயர் சொல்லிக் குற்றம் சாட்டியிருக்கிறான். ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அது. கணக்குப் பார்த்தால் 987ஐ ஒட்டி வரும். ஆயிரம் வருஷத்துக்கு முன் ஒருவன் உளி வைத்து வெட்டிய அந்தப் பெயர்மேல் என் விரல் இருந்தது. அழாமல் என்ன செய்வது!

அந்தக் கல்வெட்டு எதற்காக வெட்டப்பட்டது என்பதைச் சொன்னால்தான் என் சந்தோஷம் உங்களுக்குப் புரியும். கொலையைப் பதிவு செய்வதற்காக அதை வெட்டவில்லை. அது ஒரு நிலத்துப் பத்திரம்!

எங்கள் அப்பா பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே சின்ன மேஜை போட்டு நாற்பது வருஷம் பத்திரம் எழுதினார். நானும் தம்பியும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்த மேஜைக்குக் கீழே உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவோம். செக்குபந்தி, தாய்ப்பத்திரம், வில்லங்கம், கிரயம், பாத்தியம் இவையெல்லாம் எங்களுக்கு விளையாட்டுச் சாமான் பெயர் மாதிரி. ஒரு மனை கைமாற வேண்டுமென்றால் அது விற்பவர் கைக்கு எப்படி வந்தது என்று எழுதியாக வேண்டும். “இன்னாருக்குப் பிதுரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்டு” என்று அப்பா எழுதும்போது அந்த இன்னாரின் சாவு, சண்டை, பாகப்பிரிவினை, கோர்ட்டுக் கேஸ் எல்லாம் அரை வரிக்குள் போய் உட்கார்ந்துவிடும். அந்த அரை வரியைக் காட்டி, “இதுக்குள்ள ஒரு குடும்பமே இருக்கு, பாரு” என்பார் அப்பா.

உடையார்குடிக் கல்வெட்டும் அச்சாக அப்படித்தான். கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் சொத்தையும் அவர்கள் உறவுக்காரர்களின் சொத்தையும் பறிமுதல் செய்யும்படி அந்த ஊரான வீரநாராயண சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசன் ஓலை அனுப்புகிறான். அந்த நிலம் விலைக்குப் போகிறது. வாங்கியவர் கோயிலில் தருமத்துக்கென்று எழுதி வைக்கிறார். தருமம் நிலைக்க வேண்டுமே, நாளைக்கு யாரும் வந்து “இது எங்க பாட்டன் நிலம்” என்று வழக்குப் பேசக்கூடாதே! அதனால் நிலம் வந்த வழியைக் கல்லில் வெட்டுகிறார்கள். அந்த வழியில் ஒரு கொலை குறுக்கே கிடக்கிறது. கொலையைச் சொல்லாமல் பாத்தியத்தைச் சொல்ல முடியவில்லை. சோழ நாட்டின் மிகப் பெரிய மர்மம் நம் கைக்குக் கிடைத்தது இப்படி. அப்பா இருந்திருந்தால் அந்தச் சுவரின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, “தாய்ப்பத்திரம் சுத்தம்” என்று சொல்லியிருப்பார்.

இனி கல்கியைப் பற்றிச் சொல்கிறேன்.

அந்தக் கல்வெட்டு எதையெல்லாம் சொல்லவில்லை என்று பாருங்கள். ஏன் கொன்றார்கள் என்று சொல்லவில்லை. எங்கே, எப்படி என்று சொல்லவில்லை. கரிகாலன் இறந்தது ஏறக்குறைய 970 வாக்கில். ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985இல். நடுவில் உத்தம சோழன் ஆண்ட காலம் முழுக்க என்ன நடந்தது என்பதற்கு அந்தச் சுவரில் பதில் இல்லை. வரலாற்று ஆசிரியர்களே இதில் இரண்டு பக்கமாய் நின்றார்கள். நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழன்மேல் சந்தேகப்பட்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை ஒப்பவில்லை. பண்டாரத்தார் இருந்தது எங்கள் ஊர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் என்பதில் எனக்கு ஒரு தனிப் பெருமை உண்டு.

இந்த மௌனத்துக்குள்தான் கல்கி கால் வைத்தார். கொலை செய்தவர்களின் பெயர் இருக்கிறது, காரணம் இல்லை. கொலையுண்டவனைக் கல்வெட்டு என்னவென்று அழைக்கிறது? பாண்டியன் தலையைக் கொண்டவன் என்று அழைக்கிறது. அது அவனுக்குப் பட்டப்பெயர், பெருமைக்குச் சொல்லும் அடைமொழி. ஆயிரம் பேர் அதைப் படித்துவிட்டுக் கடந்து போயிருப்பார்கள். கல்கி அங்கே நின்றார். தலை போனவனுக்கு வேண்டியவர்கள் யாராவது இருந்திருப்பார்களே? அவன் தலை உருண்டதைக் கண்ணால் பார்த்தவர்கள் இருந்திருப்பார்களே? அடைமொழியிலிருந்து பழி பிறக்கிறது, பழியிலிருந்து பாண்டியனின் மெய்க்காவலர்களான ஆபத்துதவிகள் வருகிறார்கள், அவர்களுக்கு நடுவே வாளைக் குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டு நந்தினி வந்து உட்காருகிறாள். ஒரு பட்டப்பெயரைப் பிரித்துப் பார்த்து அதற்குள்ளிருந்து ஒரு பெண்ணை எழுப்பிவிட்டார் மனிதர்! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது, இப்போது எழுதும்போதும்.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்று சொல்லலாமோ என்னவோ, எனக்கு அது புதிது. கோயிலைவிட்டு வெளியே வந்து இளநீர் குடித்துக்கொண்டு நின்றபோது தம்பி, “ஏரி எந்தப் பக்கம்க்கா?” என்று கேட்டான். ஏரி அங்கேயே, கூப்பிடு தூரத்தில்! வீராணம் ஏரி, கதையில் வரும் வீரநாராயண ஏரி. ஆடிப் பதினெட்டாம் பெருக்கு அன்று வந்தியத்தேவன் குதிரையில் வந்து அறிமுகமாகும் கரை. அவன் அன்றிரவு போய்த் தங்கும் கடம்பூர் மாளிகை எந்த ஊரில்? மேலக்கடம்பூரும் உடையார்குடியை ஒட்டிய காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கம்தான். கதையின் கடைசியில் கரிகாலன் கொலையுண்டு கிடப்பதும் அதே கடம்பூர் மாளிகையில். அதாவது, கல்வெட்டு இருக்கும் இடத்திலேயே கதையைத் தொடங்கி, ஐந்து பாகம் சுற்றி, தஞ்சை, பழையாறை, கோடிக்கரை, ஈழம் என்று எங்கெங்கோ நம்மைக் கூட்டிப்போய், கொலைக்கு மறுபடி அந்தக் கல்வெட்டின் வாசலுக்கே கொண்டுவந்து விட்டிருக்கிறார் கல்கி. வேண்டுமென்றே செய்தாரா என்றால் என்னிடம் சாட்சி இல்லை. ஆனால் அந்தக் கரையில் நின்று பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: செய்திருக்கிறார்!

அந்த ஊரிலேயே வீரநாராயணப் பெருமாள் கோயிலும் இருக்கிறது. ஆழ்வார் பாசுரங்களைத் தேடித் தொகுத்த நாதமுனிகள் பிறந்த ஊர். ஆழ்வார்க்கடியான் ஏன் அங்கே தடியைத் தூக்கிக்கொண்டு வாதம் செய்கிறான் என்பது அந்தக் கோயில் வாசலில் நின்றால் விளங்கிவிடும். எந்த ஊருக்கு எந்த ஆள் வேண்டும் என்று மண்ணைப் பார்த்து முடிவு செய்திருக்கிறார் கல்கி.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது அத்தையால். கல்கி பத்திரிகையில் 1950 அக்டோபரில் தொடங்கி மூன்றரை வருஷம் வாராவாரம் வந்த தொடரை ஒன்றுவிடாமல் பிரித்தெடுத்து, ஊசி நூலால் தைத்து, காலிகோ அட்டை போட்டு பைண்டு செய்து வைத்திருந்தார் அத்தை. மணியம் வரைந்த படங்களோடு. அந்தப் பக்கங்களின் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. அத்தை வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து அந்த ஐந்து பாகத்தையும் நான் முதன்முதலில் படித்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. மணியத்தின் குந்தவைக்கு இருந்த கொண்டையை நானும் போட்டுப் பார்த்திருக்கிறேன். பின்னால்தான் தெரிந்தது, கல்கி மணியத்தையும் கூட்டிக்கொண்டு இலங்கைக்குப் போய் இடங்களைப் பார்த்துவிட்டு வந்தார் என்பது. எழுதுகிறவரும் வரைகிறவரும் ஒன்றாகப் போய் ஒரே இடத்தைப் பார்த்திருக்கிறார்கள்! அதனால்தான் அநுராதபுரத்துத் தெருவில் நாம் நடந்தால் நமக்கும் கால் வலிக்கிறது.

உடையார்குடியிலிருந்து திரும்பியபின் எனக்கு ஒரே எண்ணம்தான். மற்றதெல்லாம் எங்கிருந்து வந்தது? ஒவ்வொன்றாகத் தேடிப் போனேன். லீவு கிடைத்த நாளெல்லாம் அதற்கே போனது. போன இடத்திலெல்லாம் நிலப்பத்திரம்தான் எனக்குக் கிடைத்தது என்றால் நம்புவீர்களா?

திருவாலங்காட்டுச் செப்பேடு. 31 ஏடுகள், வளையம் கோத்து, மேலே சோழர் முத்திரை. முதலாம் ராஜேந்திரன் காலத்தது. பழையனூர் என்ற ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்த சாசனம். கொடுத்ததைச் சொல்வதற்கு முன் வமிசத்தின் பெருமையைச் சொல்ல வேண்டும் அல்லவா? அந்தப் பகுதியில் ஒரு சேதி வருகிறது. கரிகாலன் போனபின் நாட்டு மக்கள் பின்னாளில் ராஜராஜனான அவன் தம்பி அருள்மொழியை அரசனாகும்படி வேண்டினார்கள், சிற்றப்பன் உத்தம சோழனுக்கு ஆட்சியில் ஆசை இருக்கும்வரை தனக்கு அது வேண்டாம் என்று அவன் ஒதுங்கினான் என்று. சமஸ்கிருதச் சுலோகத்தில் நாசூக்காகச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறது செப்பேடு. கல்கி அங்கேயும் நின்றிருக்கிறார். ஐந்தாம் பாகத்துக்கு ‘தியாக சிகரம்’ என்று பெயர் வந்தது அந்த நாசூக்கிலிருந்துதான். கையில் வந்த மணிமுடியைச் சிற்றப்பன் தலையில் வைக்கும் அந்த இடத்தைப் படித்து எத்தனை வீட்டில் எத்தனை பேர் அழுதிருப்பார்கள்! எல்லாம் ஒரு ஊரைத் தானம் கொடுத்த பத்திரத்தின் முகவுரை.

அடுத்தது ஆனைமங்கலச் செப்பேடு. கடல் தாண்டிப் போய் ஹாலந்தில் லைடன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததால் லைடன் செப்பேடு என்றே பலருக்குத் தெரியும். பெரியது 21 ஏடுகள். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசன் கட்டிய சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரை ராஜராஜன் கொடுத்த சாசனம். பௌத்தப் பள்ளிக்குச் சைவ மன்னன் கொடுத்த நிலம். கதையில் காய்ச்சலோடு கிடக்கும் அருள்மொழியைக் கொண்டுபோய் எங்கே ஒளித்து வைக்கிறார்கள்? சூடாமணி விகாரத்தில்! பின்னாளில் அவன் கொடுக்கப்போகும் நிலத்துக்கு இளமையிலேயே ஒரு காரணத்தை உண்டாக்கி வைத்துவிட்டார் கல்கி. உயிர் காத்த இடத்துக்கு அவன் செய்த கைம்மாறு என்று நம் மனம் தானாக முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. செப்பேட்டில் இல்லாத அந்தக் காரணத்தை இனி யாராலும் அதிலிருந்து பிரித்து எடுக்க முடியாது. என்னால் முடியவில்லை.

அந்தச் சாசனங்களில் இன்னொரு அழகு. எல்லை காட்ட ஒரு பெண் யானையை நடத்திக்கொண்டு போயிருக்கிறார்கள். பிடி நடந்த வழியே எல்லை. நாட்டார் கூடவே நடந்து கல் நட்டுக் கள்ளி நட்டிருக்கிறார்கள். இதைப் படித்த அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காலைப் பனியில் வரப்பு மேல் யானை நடக்கிறது, பின்னால் ஊரே நடக்கிறது, வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள் ஓடிவருகிறார்கள். எழுதத் தெரிந்த யாருக்காவது இது கண்ணில் பட வேண்டுமே என்று தவித்துப்போனேன்.

அன்பில் செப்பேடும் அப்படியே. சுந்தர சோழன் தன் அமைச்சர் அநிருத்தருக்குக் கருணாகரமங்கலம் என்று நிலம் கொடுத்த சாசனம். அந்த நிலம் வாங்கியவர்தான் கதையில் எல்லார் ரகசியமும் தெரிந்த முதன்மந்திரி. நான்காவதும் நிலம்! தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னேன். “அப்பா மேஜைக்கடியில உக்காந்துதான் கல்கி எழுதியிருக்காரு போல” என்றான்.

தஞ்சாவூருக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். பெரிய கோயில் கோபுரத்தைப் பார்த்து அண்ணாந்துவிட்டு வந்துவிடுவேன். இந்த முறை அண்ணாந்து பார்க்கவே இல்லை. அடித்தளத்துக் கல்வெட்டுகளை ஒட்டி, தலையைச் சாய்த்துக்கொண்டு நாள் முழுக்கச் சுற்றினேன். புள்ளி வைக்காத எழுத்து. நடுநடுவே கிரந்தம். ஒரு வரி படிக்க அரை மணி நேரமானாலும் ஒரு சொல் புரிந்துவிட்டால் ஏற்படும் ஆனந்தத்தை எப்படிச் சொல்வேன்! ராஜராஜன் தன் இருபத்தாறாம் ஆட்சியாண்டில் ஒரு ஆணை போடுகிறான். கோயிலுக்குத் தான் கொடுத்தது, அக்கன் கொடுத்தது, பெண்டுகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் விமானத்துக் கல்லிலேயே வெட்டச் சொல்கிறான். அந்த வரிசையைக் கவனித்தீர்களா? தனக்கு அடுத்து அக்கா. பட்டத்தரசிகள் அதற்குப் பிறகுதான். உலகத்தை ஆண்டவன், தன் பெயரைச் சொல்லி வாய் மூடுவதற்குள் அக்காவைச் சொல்கிறான். ‘அக்கன்’ என்று அந்தக் கல்லில் இருக்கிறது. பக்கத்தில் என் தம்பி தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். அவனுக்கு அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். அவன் ஒன்றும் பேசவில்லை. பாட்டிலை என்னிடம் கொடுத்துவிட்டு அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றான்.

குந்தவை என்ற பாத்திரம் முழுக்க அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. தம்பியை உருவாக்கிய அக்கா, எதிரே நின்று புகழை வாங்கிக்கொள்ளாத அக்கா. குந்தவை அந்தக் கோயிலுக்குத் தன் தந்தையின் திருமேனியும் தாயின் திருமேனியும் செய்து வைத்திருக்கிறாள். பெற்றவர்களைச் செம்பில் வார்த்துக் கோயிலில் எழுந்தருளச் செய்த மகள். இந்தக் கல்வெட்டுகளில் அவளை யாருடைய தேவி என்று சொல்லியிருக்கிறது தெரியுமா? வல்லவரையர் வந்தியத்தேவரின் மகாதேவியார் என்று! நம் வந்தியத்தேவன்! அந்தப் பெயரைக் கண்டதும் எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. அவன் அங்கே மனைவியின் விலாசமாக மட்டும் வருகிறான். அவன் என்ன செய்தான், எப்படிப் பேசினான், பொய் சொல்லத் தெரிந்தவனா, எதையும் அந்த வரி சொல்லாது. மூன்றரை வருஷம் தமிழ்நாட்டையே வாராவாரம் காத்திருக்க வைத்த கதாநாயகன் பெரிய கோயிலில் ஒரு பெண்ணின் பெயருக்கு முன்னால் வந்த அடைமொழி.

நினைத்துப் பாருங்கள். ராஜராஜனைப் பற்றிக் கல் கல்லாய்ச் சேதி இருக்கிறது. அவனைக் கதாநாயகனாக்கிக் குதிரையில் ஏற்றியிருந்தால் ஒவ்வொரு அடிக்கும் கல்வெட்டு குறுக்கே நின்றிருக்கும். அவனைப் பற்றி எல்லாருக்கும் தெரியும், அவன் சாக மாட்டான் என்றும் தெரியும். வந்தியத்தேவனுக்கு அந்தத் தளை இல்லை. அவன் வாய்க்கு வந்ததைப் பேசலாம், சுரங்கத்தில் நுழையலாம், அகப்பட்டுக்கொள்ளலாம். பெரிய மனிதர்களை ஓரத்தில் நிறுத்தி, பெயர் மட்டும் மிஞ்சிய ஒருவனின் தோள்மேல் நம்மை உட்கார வைத்தார் கல்கி. சரித்திரக் கதை எழுதுகிற அத்தனை பேருக்கும் இது பெரிய பாடம் என்று நான் அடித்துச் சொல்வேன்.

மாமல்லபுரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சிவகாமியின் சபதத்துக்கு விதை விழுந்தது அங்கே. ரசிகமணி டி.கே.சி.யோடு அந்தக் கடற்கரையில் நிலவில் உட்கார்ந்திருந்தபோது பாத்திரங்கள் தன் கண்முன் வந்ததாகக் கல்கியே முன்னுரையில் சொல்லியிருக்கிறார். அந்த நிலவுக்கும் நாவல் முடிந்ததற்கும் நடுவே பல வருஷங்கள். அவ்வளவு காலம் மனசுக்குள் அடைகாத்திருக்கிறார்! பாதியில் நின்ற ரதங்களைப் பார்த்த எல்லாருக்கும் ‘ஏன் முடிக்காமல் போனார்கள்’ என்று தோன்றியிருக்கும். அவருக்கு, உளியைக் கீழே வைத்துவிட்டுப் போன அந்தச் சிற்பிக்கு ஒரு மகள் இருந்தாள் என்று தோன்றியிருக்கிறது.

எல்லாருக்கும் ஒரே வரிதான் கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பிரபஞ்சனுக்குக் கிடைத்தது ஒரு மலை. புதுச்சேரியில் துய்ப்ளேக்சுக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736இலிருந்து 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, துணி விலை, யார் வீட்டில் கல்யாணம், குவர்னர் என்ன கோபப்பட்டார், யாரை எங்கே கட்டி வைத்து அடித்தார்கள், எல்லாம் அதில் இருக்கிறது. கல்கிக்குச் சேதி இல்லாததால் வந்த சுதந்திரம் பிரபஞ்சனுக்கு இல்லை. அவருக்கு எதை விடுவது என்பதுதான் வேலை. மானுடம் வெல்லும், வானம் வசப்படும் இரண்டையும் அந்த நாட்குறிப்பிலிருந்து கடைந்து எடுத்தார். வானம் வசப்படும் 1995இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. 1748இல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதைப் பிள்ளை எழுதியிருக்கிறார். அதிகாரத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, தன் சாமி கோயில் இடிவதைத் தடுக்க முடியாத ஒருவன் அன்றிரவு விளக்கை ஏற்றி எழுதுகிறான். பிள்ளை எழுதியது நடந்ததை. பிரபஞ்சன் எழுதியது எழுதும்போது அந்தக் கை நடுங்கியதை. ரங்கப்பிள்ளை வீதியில் ஒரு மாலை முழுக்க நடந்தேன். மார்க்கெட் சத்தம், மீன் கூடை, பூ வியாபாரம். பிள்ளையின் குறிப்புகளில் இருக்கும் அதே இரைச்சல்!

அகிலன் வேங்கையின் மைந்தனில் ராஜேந்திரனையும், பாலகுமாரன் உடையாரில் பெரிய கோயில் கட்டியதையும் எழுதினார்கள். இரண்டையும் நான் கொண்டாடுகிறேன். பாலகுமாரனுக்கு அந்தக் கோயிலில் கல் சுமந்தவனும் சாந்து குழைத்தவளும் தெரிந்தார்கள். ஒரே கோபுரம்தான், பார்க்கிற கண்ணுக்கு ஏற்ற ஆளை அது கீழே இறக்கி அனுப்புகிறது.

பொன்னியின் செல்வன் படம் வந்தபின் உடையார்குடிக்கு நிறையப் பேர் வருகிறார்கள் என்று கோயிலில் பூவிற்கும் அம்மா சொன்னார். “எல்லாரும் அந்தச் செவுத்தப் போயிப் பாக்குறாங்க, சாமிய அப்புறம்தான் பாக்குறாங்க” என்று சிரித்தார். எனக்கு அதைக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது. கல்லைத் தொட வருகிற பத்து பேரில் ஒருவருக்காவது கை துறுதுறுக்கும்.

எனக்குத் துறுதுறுத்துவிட்டது. இரண்டாம் முறை உடையார்குடிக்குப் போனது போன மாசம். அச்சில் வந்த கல்வெட்டுப் பாடத்தைப் பிரதி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் பார்த்தேன். யார் யாருடைய சொத்தைப் பறிக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் வருகிறது. துரோகிகள், அவர்கள் தம்பிமார், மக்கள், பெண்டாட்டிமார், மாமன்மார் என்று போய், அவர்கள் மகளைக் கட்டியவர்கள் வரைக்கும். அங்கே நின்றுவிட்டேன். மகளைக் கட்டியவன். அப்படியானால் அந்த மகள்? அப்பன் எங்கோ, எப்போதோ செய்ததற்கு அவள் புருஷன் வீட்டு நிலம் போகிறது. அரசன் ஓலை வந்த அன்று சபை கூடியிருக்கும். மாமியார் அவளைப் பார்த்திருப்பாள். கரிகாலன் செத்தபோது அவள் கைக்குழந்தையாகக்கூட இருந்திருப்பாள். வெளியே வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்திருக்கும், வீராணத்துத் தண்ணீர்.

வெயில் தாழ ஏரிக்கரைக்குப் போனோம். நல்ல காற்று. இந்தத் தண்ணீர் இப்போது குழாய் வழியாகச் சென்னைக்குக் குடிக்கப் போகிறது. கரையில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து இரண்டு பக்கம் ஒரே மூச்சில் எழுதினேன். தம்பி எட்டிப் பார்த்தான்.

“யாருக்கா இது?”

“அந்தப் பட்டியல்ல இருக்காளே, அவ.”

“பட்டியல்ல அவ இல்லையேக்கா. அவ புருஷன்தானே இருக்கான்.”

“அதான் எழுதறேன்.”

கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். “அந்த நிலம் எங்கக்கா இருக்கும் இப்ப? யாரு உழறாங்க?” என்றான். நான் நிமிர்ந்து பார்த்தேன். அப்பா கேட்டிருக்க வேண்டிய கேள்வி. எல்லை, வாய்க்கால், நிலத்தின் பெயர் எல்லாம் அந்தப் பாடத்தில் எங்காவது இருக்கத்தான் வேண்டும். அவள் நடந்த வரப்பு இந்தக் கரையிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேடுவது என்று முடிவு செய்துகொண்டோம்.

இருட்டியபின் கிளம்பினோம். பைக்கில் பின்னால் உட்கார்ந்து அவளுக்குப் பெயர் தேடிக்கொண்டே வந்தேன். நங்கை என்று வைத்துப் பார்த்தேன். குமராட்சி தாண்டும்போது தம்பி திரும்பாமலே கேட்டான், “வச்சிட்டியாக்கா?”

“இன்னும் திரும்பிப் பாக்க மாட்டேங்கறாடா,” என்றேன்.